மைக்ரேன், மற்ற தலைவலிகள்: திரும்பத் திரும்ப வரும் கேள்விகளும் என் பதில்களும்

நான் டாக்டர் இல்லை. பள்ளிக் காலத்திலிருந்தே மைக்ரேன் உள்ளவள், அதனால் இது பற்றிய ஆராய்ச்சிச் செய்திகளை விடாமல் படிப்பவள், அவ்வளவுதான். உறவுக்காரர்கள், ஆபீஸ் தோழிகள், மகனின் வகுப்புப் பெற்றோர் வாட்ஸ்அப் குழு என்று எல்லாப் பக்கமிருந்தும் அதே கேள்விகள் வருவதால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். இதைப் படித்துவிட்டு யாரும் தானாக மருந்தை மாற்றவோ நிறுத்தவோ வேண்டாம். டாக்டரிடம் என்ன கேட்பது என்று தெரிந்துகொண்டு போனால் போதும்.

முதலில் ஒன்று: எந்தத் தலைவலிக்கு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்?

இடி விழுந்த மாதிரி ஒரு நிமிஷத்துக்குள் உச்சத்துக்குப் போகும் வலி, வாழ்க்கையிலேயே இப்படி வந்ததில்லை என்று சொல்ல வைக்கும் வலி வந்தால் உடனே 995 (சிங்கப்பூரின் ஆம்புலன்ஸ் எண்). கை கால் ஒரு பக்கம் இழுப்பது, வாய் கோணுவது, பேச்சு குழறுவது, காய்ச்சலோடு கழுத்து விறைப்பது, தலையில் அடிபட்ட பிறகு வலி கூடிக்கொண்டே போவது, இவற்றுக்கும் காத்திருக்கக் கூடாது. கர்ப்பத்திலோ பிரசவத்துக்குப் பிறகோ புதிதாகக் கடுமையான தலைவலி வந்தால் அன்றே டாக்டரைப் பார்க்க வேண்டும். புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்களுக்கும் அப்படித்தான்.

வயதானவர்கள் விஷயத்தில் ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். 50 வயதுக்கு மேல் புதிதாகத் தலைவலி ஆரம்பித்து, சீப்பு பட்டாலே உச்சந்தலை வலிக்கிறது, சாப்பாடு மெல்லும்போது தாடை வலிக்கிறது என்று அம்மாவோ மாமனாரோ சொன்னால், வயசாச்சு என்று விட்டுவிடாதீர்கள். தலையின் இரத்தக் குழாய்கள் வீங்கும் ஒரு நோய் இருக்கிறது, சிகிச்சை தாமதமானால் பார்வையே போய்விடலாம்.

சிங்கப்பூரில் கவனிக்க வேண்டிய இன்னொன்று டெங்கி. காய்ச்சலும் கண்ணுக்குப் பின்னால் கடும் வலியும் சேர்ந்து வந்தால் இரத்தப் பரிசோதனை செய்யும்வரை ஐபுப்ரோஃபென், ஆஸ்பிரின் பக்கம் போக வேண்டாம். இரத்தக் கசிவு அபாயம் கூடும்.

எனக்கு வருவது மைக்ரேனா, சாதாரணத் தலைவலியா?

மூன்று கேள்விகள் கேட்டுப் பாருங்கள். தலைவலியோடு குமட்டுகிறதா? சாதாரண நாளில் தொந்தரவு தராத வெளிச்சம் அப்போது கண்ணைக் கூசவைக்கிறதா? கடந்த மூன்று மாதத்தில் ஒரு நாளாவது தலைவலியால் வேலையோ படிப்போ வீட்டு வேலையோ கெட்டதா? மூன்றில் இரண்டுக்கு ஆம் என்றால் மைக்ரேனாக இருக்கவே வாய்ப்பு அதிகம். 2003ல் அமெரிக்காவில் சோதித்துப் பார்த்த கேள்விகள் இவை. சாதாரண கிளினிக்குகளுக்கு வந்தவர்களில் இப்படி ஆம் சொன்னவர்களில் 93% பேருக்கு உண்மையிலேயே மைக்ரேன் இருந்தது.

மருந்து எடுக்காவிட்டால் மைக்ரேன் 4 மணி நேரத்திலிருந்து 72 மணி நேரம்வரை நீடிக்கும். படி ஏறினால் கூடும். ஒரு பக்கம்தான் வரும் என்றில்லை, இரண்டு பக்கமும் வரலாம், கழுத்திலிருந்தும் கிளம்பலாம். மன இறுக்கத் தலைவலியோ நெற்றியைச் சுற்றித் துணி கட்டி இறுக்கிய மாதிரி இருக்கும், வாந்தி இருக்காது, எழுந்து நடந்தால் மோசமாகாது. உலகத்தில் அதிகம் பேருக்கு வருவது அதுதான், ஆனால் லீவு போட வைப்பது பெரும்பாலும் மைக்ரேன்தான்.

ஸ்கேன் எடுக்க வேண்டாமா என்று கேட்பார்கள். மேலே சொன்ன ஆபத்து அறிகுறி எதுவும் இல்லை, டாக்டர் பரிசோதனையிலும் எல்லாம் சரியாக இருக்கிறது, பல வருஷமாக ஒரே மாதிரி வந்து போகிறது என்றால் பெரும்பாலும் ஸ்கேன் தேவைப்படாது. மைக்ரேன் ஸ்கேனில் தெரிகிற வியாதி இல்லை. எல்லாம் நார்மல் என்று ரிப்போர்ட் வந்ததும் "பார்த்தியா, உனக்கு ஒன்றுமில்லை" என்று வீட்டில் சொல்வார்கள் பாருங்கள், அதுதான் பெரிய எரிச்சல்.

எனக்கு சைனஸ். கன்னம், மூக்கு, நெற்றி எல்லாம் அழுத்துகிறது. அதுவும் மைக்ரேன் என்கிறீர்களா?

இருக்கலாம். தங்களுக்கு சைனஸ் தலைவலி என்று தாங்களே முடிவு செய்திருந்த 2,991 பேரை அமெரிக்காவில் பரிசோதித்து 2004ல் முடிவை வெளியிட்டார்கள். 88% பேருக்கு இருந்தது மைக்ரேன் வகைத் தலைவலி. மைக்ரேன் நேரத்தில் மூக்கு அடைக்கும், கண்ணில் நீர் வடியும், ஏனென்றால் வலியைக் கடத்தும் அதே ஐந்தாம் மண்டை நரம்புதான் முகத்துக்கும் போகிறது. உண்மையான சைனஸ் தொற்று என்றால் பச்சையாகவோ மஞ்சளாகவோ கெட்டியான சளி, காய்ச்சல், மணம் தெரியாமல் போவது இவை கூட இருக்கும். மாதம் இரண்டு தடவை சைனஸ் வந்து இரண்டே நாளில் தானாகப் போய்விடுகிறது என்றால் அதற்கு ஆன்டிபயாட்டிக் வாங்குவது வீண்.

தலைக்குள் என்னதான் நடக்கிறது? இரத்தக் குழாய் வீங்குவதுதானே காரணம்?

ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்தார்கள். இப்போது இது மூளையும் நரம்புகளும் சம்பந்தப்பட்ட நோய், இரத்தக் குழாய் விரிவது அதன் ஒரு பகுதி மட்டும் என்பதில் பெரும்பாலான ஆராய்ச்சியாளர்கள் உடன்படுகிறார்கள்.

கதை 1944ல் தொடங்குகிறது. பிரேசிலைச் சேர்ந்த அரிஸ்டீடிஸ் லியாவ், மூளையின் மேற்பரப்பில் மின் செயல்பாடு ஓர் இடத்தில் அடங்கி, அந்த அடக்கம் மெதுவாகப் பரவிக்கொண்டே போவதை முயலில் கண்டுபிடித்தார். நிமிஷத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வேகம். சிலருக்கு வலி வருமுன் கண்ணில் ஒரு காட்சிக் கோளாறு வருமே, நடுவில் சின்னதாக ஒரு மினுமினுப்பு தோன்றி, வளைந்து வளைந்து கோணல்மாணலான பிறையாகப் பெரிதாகி, இருபது முப்பது நிமிஷத்தில் ஓரத்துக்குப் போய் மறையும், எதிரே இருப்பவர் முகத்தில் பாதி காணாமல் போகும். அது இந்த அலை பார்வைப் பகுதியைக் கடந்து போவதால் வருவது. மைக்ரேன் உள்ளவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவானவர்களுக்கே அது வருகிறது.

சரி, மூளைக்கு வலி உணர்வே கிடையாதே, அலை எப்படி வலியாகிறது? 2024ல் சயன்ஸ் இதழில் கோபன்ஹேகன் ஆராய்ச்சியாளர்கள் எலிகளில் ஒரு வழியைக் காட்டினார்கள். அலை போன பிறகு மூளையைச் சுற்றியுள்ள திரவத்தில் சில புரதங்கள் சேர்கின்றன, அந்தத் திரவம் ஐந்தாம் நரம்பின் முடிச்சுவரை போய் அங்கே நரம்பைத் தூண்டிவிடுகிறது. எலியில் கண்டது மனிதருக்கும் அப்படியே பொருந்துமா என்பது வேறு விஷயம். ஆனாலும் எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு இது, பல வருஷமாகத் தொங்கிக்கொண்டிருந்த கேள்விக்கு ஒரு வழியாவது காட்டியது.

அப்புறம் சிஜிஆர்பி. நரம்பு நுனிகள் வெளியிடும் ஒரு சின்னப் புரதம். 1990ல் பீட்டர் கோட்ஸ்பியும் லார்ஸ் எட்வின்சனும் மைக்ரேன் வந்துகொண்டிருந்தவர்களின் கழுத்து இரத்தக் குழாயிலிருந்து இரத்தம் எடுத்துப் பார்த்தபோது இது கூடியிருந்தது. பிறகு கோபன்ஹேகனில் மைக்ரேன் உள்ளவர்களின் இரத்தத்தில் இதை ஏற்றினார்கள், பலருக்குத் தலைவலி வந்தது. தடுத்தால் வலி நிற்குமா என்ற கேள்வியிலிருந்துதான் இன்றைய புது மருந்துகள் எல்லாம் வந்தன. 2021ல் மூளை ஆராய்ச்சிக்கான பெரிய பரிசான டென்மார்க்கின் பிரெய்ன் பரிசு இந்த இருவருக்கும் மைக்கேல் மாஸ்கோவிட்ஸ், யெஸ் ஓலெசன் ஆகியோருக்கும் சேர்த்துக் கொடுக்கப்பட்டது.

அந்த மாதாந்திர ஊசி என்ன? போட்டால் குணமாகிவிடுமா?

குணமாகாது. குறையும்.

சிஜிஆர்பியைத் தடுக்கும் மருந்தில் இரண்டு வகை இருக்கிறது. ஊசியாக வருபவை ஆன்டிபாடிகள் (நோய் எதிர்ப்புப் புரத வகை): எரெனுமாப், ஃபிரெமனெசுமாப், கால்கனெசுமாப், எப்டினெசுமாப். முதல் மூன்றுக்கும் அமெரிக்க அனுமதி 2018ல் கிடைத்தது, கடைசிக்கு 2020ல். மாத்திரையாக வருபவை ஜபான்ட் வகை: ரிமெஜபான்ட், யுப்ரோஜபான்ட், அடோஜபான்ட். சிஜிஆர்பி போய் உட்காரும் இடத்தில் இவை முன்கூட்டியே உட்கார்ந்துவிடும், நம்ம ஹாக்கர் சென்டரில் டிஷ்யூ பாக்கெட்டை வைத்து மேசை பிடிப்போமே, அது மாதிரி. எரெனுமாப்பும் அப்படித்தான். மற்ற மூன்று ஊசிகள் சிஜிஆர்பியையே பிடித்துக் கட்டிப்போடும்.

எவ்வளவு வேலை செய்யும்? எரெனுமாப்பின் பெரிய சோதனை 2017ல் வெளியானது. கூடுதல் அளவு ஊசி போட்டவர்களில் பாதிப் பேருக்குத் தலைவலி நாட்கள் பாதிக்குப் பாதி குறைந்தன. மருந்தே இல்லாத வெற்று ஊசி போட்டவர்களிலும் சுமார் 27% பேருக்கு அப்படிக் குறைந்தது! இந்த இரண்டாவது எண்ணை மறக்காதீர்கள். யாராவது ஒரு எண்ணெய், ஒரு கஷாயம், ஒரு காந்த வளையம் தனக்குக் கேட்டது என்று சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை, நான்கில் ஒருவருக்கு எதுவுமே இல்லாத ஊசியும் கேட்கிறது. அதனால்தான் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு குழு இல்லாத ஆய்வை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

எரெனுமாப் ஊசியை நாமே வீட்டில் போட்டுக்கொள்ளலாம். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்து அரை மணி நேரம் வெளியே வைக்க வேண்டும், இல்லாவிட்டால் எரியும். வெள்ளை மூடியைக் கழற்றி, தொடையிலோ வயிற்றிலோ செங்குத்தாக வைத்து அழுத்தினால் ஒரு கிளிக் சத்தம், பதினைந்து விநாடி அசையாமல் பிடித்திருந்தால் பேனாவின் சின்ன ஜன்னல் மஞ்சளாக மாறும். வேலை முடிந்தது. ஊசியைப் பார்த்தாலே மயக்கம் வரும் என் தங்கைகூட இதைச் செய்கிறாள்.

பக்க விளைவு என்றால் எரெனுமாப்புக்கு மலச்சிக்கல், சிலருக்குக் கடுமையாக. இரத்த அழுத்தமும் கூடலாம், அதனால் அளந்து பார்த்துக்கொள்ள வேண்டும். பிள்ளை பெற நினைப்பவர்களைப் பல மாதங்களுக்கு முன்பே நிறுத்தச் சொல்வார்கள், ஏனென்றால் மருந்து உடம்பில் ரொம்ப நாள் தங்கும். 2024ல் அமெரிக்கத் தலைவலிச் சங்கம், பழைய மருந்துகளை முயன்று தோற்ற பிறகுதான் இவை என்ற நிலையை மாற்றி, முதல் தெரிவாகவே இவற்றைக் கொடுக்கலாம் என்று சொல்லிவிட்டது.

அப்படியானால் பழைய மருந்தெல்லாம் காலாவதியா?

இல்லவே இல்லை. இதில்தான் விளம்பரத்துக்கும் ஆராய்ச்சிக்கும் தூரம் அதிகம்.

வலி வந்தவுடன் போடும் மருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2024ல் பிஎம்ஜே இதழில் 137 சோதனைகளை ஒன்றுசேர்த்து ஒப்பிட்டார்கள், கிட்டத்தட்ட 90,000 பேர். ட்ரிப்டான் வகையைச் சேர்ந்த எலட்ரிப்டான், ரிசாட்ரிப்டான், சுமாட்ரிப்டான், சோல்மிட்ரிப்டான் ஆகிய நான்கும் புது ஜபான்ட் மாத்திரைகளைவிட நன்றாக வேலை செய்தன. சுமாட்ரிப்டான் 1990களின் தொடக்கத்திலிருந்தே இருக்கிற மருந்து, நகல் மருந்தாகவும் வந்துவிட்டது. ஆனாலும் வருஷக்கணக்கில் மைக்ரேனோடு இருக்கும் எத்தனையோ பேர் ஒரு ட்ரிப்டானைக்கூடக் கண்ணால் பார்த்ததில்லை, கிளினிக்கில் கொடுக்கும் பாரசிட்டமால், தசை தளர்த்தி மாத்திரையோடு வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். மாரடைப்பு, பக்கவாதம் வந்தவர்களுக்கும் இரத்த அழுத்தம் கட்டுப்படாதவர்களுக்கும் ட்ரிப்டான் கூடாது, இரத்தக் குழாயைச் சுருக்கும். அவர்களுக்குத்தான் ஜபான்ட் பெரிய வரம்.

தடுப்பு மருந்திலும் அதே கதை. நார்வேயும் எஸ்டோனியாவும் சேர்ந்து நடத்தி 2025ல் வெளியான சோதனையில், காண்டெசார்டான் என்ற விலை குறைந்த இரத்த அழுத்த மாத்திரை மாதத்துக்குச் சுமார் இரண்டு மைக்ரேன் நாட்களைக் குறைத்தது, வெற்று மாத்திரை ஒரு நாளுக்கும் குறைவாக. பெரிய வித்தியாசமில்லைதான், ஆனால் ஊசிகளின் சராசரிப் பலனும் இதைவிட வானளவு உயரத்தில் இல்லை. ஊசி தெளிவாக ஜெயிப்பது எங்கே என்றால், தாங்கிக்கொள்வதில். ஜெர்மனியில் 777 பேரிடம் எரெனுமாப்பையும் பழைய தடுப்பு மருந்தான டோபிராமேட்டையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்தார்கள். பக்க விளைவால் டோபிராமேட்டை விட்டவர்கள் 38.9%, எரெனுமாப்பை விட்டவர்கள் 10.6%. டோபிராமேட் சாப்பிட்டவர்களைக் கேட்டுப் பாருங்கள், விரல் மரத்துப்போவது, வாய்க்கு வர வேண்டிய சொல் வராமல் நிற்பது, கோக் குடித்தால் தகரம் மாதிரி ருசிப்பது எல்லாம் சொல்வார்கள்.

பனடோல்தானே, தினம் இரண்டு போட்டால் என்ன ஆகிவிடும்?

தலைவலி வரும். கிண்டல் இல்லை, வலி மாத்திரையே தலைவலியை நிரந்தரமாக்கும் ஒரு நிலை உண்டு, மைக்ரேன் உள்ளவர்களுக்குத்தான் அது அதிகம்.

உலகத் தலைவலிச் சங்கத்தின் அளவு இது: பாரசிட்டமால் (பனடோல்), ஐபுப்ரோஃபென் மாதிரியான தனி வலி மாத்திரை மாதத்தில் 15 நாள் அல்லது அதற்கு மேல். ட்ரிப்டான், எர்கோட்டமின், கோடீன் வகை, பல மருந்து கலந்த மாத்திரை என்றால் 10 நாள் அல்லது அதற்கு மேல். இப்படி மூன்று மாதத்துக்கு மேல் தொடர்ந்து, மாதத்தில் பாதி நாளுக்குத் தலைவலியும் இருந்தால் மருந்தே காரணமா என்று பார்க்க வேண்டும். கவனியுங்கள், கணக்கு மாத்திரைக்கு இல்லை, நாளுக்கு. ஒரே நாளில் நான்கு போட்டாலும் ஒரு நாள்தான், தினம் பாதி போட்டாலும் முப்பது நாள். கேஃபீன் கலந்த பனடோல் எக்ஸ்ட்ராவும் கலப்பு வகைதான். எர்கோட்டமினும் கேஃபீனும் கலந்த கேஃபர்காட்டும் அதில்தான் வரும்.

போன் காலண்டரில் மாத்திரை போட்ட நாளில் ஒரு புள்ளி வையுங்கள், வேறு எதுவும் எழுத வேண்டாம். விலை உயர்ந்த ஊசியைப் பற்றி என்னிடம் கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பது இந்தப் புள்ளிகளைத்தான். பாதிப் பேர் எண்ணியதே இல்லை. "எப்பவாவதுதான் போடுவேன்" என்பார்கள், ஹேண்ட்பேக்கில் ஒன்று, ஆபீஸ் டிராயரில் ஒன்று, கட்டிலுக்குப் பக்கத்தில் ஒன்று என்று அட்டைகள் கிடக்கும்.

எப்படி வெளியே வருவது என்பதில் ஆராய்ச்சி இன்னும் ஒரே குரலில் பேசவில்லை. டென்மார்க்கில் நடந்த சோதனை, வலி மருந்தை நிறுத்திவிட்டு அதோடு தடுப்பு மருந்தையும் தொடங்குவதே சிறந்தது என்றது. 2022ல் வந்த 720 பேர் கொண்ட அமெரிக்கச் சோதனை, தடுப்பு மருந்து தொடங்கினால் போதும், அதே வலி மருந்தை நிறுத்தாமல் தொடர்ந்தவர்களும் பின்தங்கவில்லை என்றது. இரண்டிலும் பொதுவானது தடுப்பு மருந்துதான். நிறுத்தும்போது முதல் சில நாள் வலி கூடும், அதனால் டாக்டருக்குத் தெரியாமல் திடீரென்று நிறுத்த வேண்டாம்.

கோடாலித் தைலம்?

தேய்த்துக்கொள்ளுங்கள். 1996ல் ஜெர்மனியில் புதினா எண்ணெயை நெற்றியிலும் பொட்டிலும் தடவி மன இறுக்கத் தலைவலிக்குச் சோதித்தபோது அது பாரசிட்டமாலுக்குச் சமமாக வேலை செய்தது. மைக்ரேனுக்கு அந்த அளவு ஆதாரம் இல்லை, அதோடு மைக்ரேன் வந்திருக்கும்போது மணமே ஆகாது பலருக்கு. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் எம்ஆர்டியில் தைல மூடியைத் திறந்தால் நான் அடுத்த பெட்டிக்குப் போய்விடுவேன்.

தலைக்குக் குளித்தால் தலைவலி வருகிறது என்றால் டாக்டர் சிரிக்கிறார். இது உண்மையா?

உண்மை. மும்பையைச் சேர்ந்த நரம்பியல் மருத்துவர் ரவிசங்கர், தலைக்குக் குளிப்பதால் மைக்ரேன் வரும் 94 நோயாளிகளைப் பற்றி 2006ல் செஃபலால்ஜியா இதழில் எழுதினார். மேல்நாட்டுப் பட்டியல்களில் அந்தத் தூண்டுகோலே இருந்ததில்லை, நீண்ட கூந்தலை நனைத்து ஈரத்தோடு முடிந்துகொள்ளும் ஊரில் மட்டும்தான் அது கண்ணில் படும் போலிருக்கிறது. இந்த ஊரில் இன்னொரு படி: ஈரத் தலையோடு காலையில் கிளம்பி ஏசி பஸ்ஸில் ஏறுவது. நல்ல நாளுக்குத் தலை குளித்தே ஆக வேண்டும் என்றால் முந்தின நாள் மாலையே குளித்து முழுக்கக் காயவைத்துப் பாருங்கள்.

ஆனால் தூண்டுகோல் பட்டியலை வைத்துக்கொண்டு வாழ்க்கையைச் சுருக்கிக்கொள்ளாதீர்கள். மைக்ரேன் பல சமயம் வலிக்கு ஒரு நாள் முன்பே ஆரம்பித்துவிடுகிறது: கொட்டாவி, கழுத்துப் பிடிப்பு, எரிச்சல், இனிப்பு தின்னும் ஆசை. சாக்லேட் தின்றேன், வலி வந்தது என்கிறோம். வரப்போகும் மைக்ரேன்தான் சாக்லேட்டைத் தேட வைத்தது என்பதும் நடக்கக்கூடியதே. இந்த முன் கட்டத்திலேயே மருந்து கொடுத்தால் என்ன என்று யுப்ரோஜபான்டை வைத்துச் சோதித்தார்கள். 2023ல் லான்செட்டில் வந்தது. மருந்து போட்ட தடவைகளில் 46% தடவை, அடுத்த 24 மணி நேரத்தில் பெரிய வலி வரவில்லை, வெற்று மாத்திரையில் 29%. தனக்கு வலி வரப்போவது முன்கூட்டியே நிச்சயமாகத் தெரிந்தவர்களை மட்டும் சேர்த்த சோதனை அது, எல்லாருக்கும் அப்படித் தெரியாது.

விரதம், நோன்பு இருக்கலாமா?

பட்டினி மைக்ரேனைக் கிளப்பும், அதில் சந்தேகமில்லை. தீமிதிக்கும் தைப்பூசத்துக்கும் விரதம் இருப்பவர்கள் பலர் ஒரு வேளை சாப்பிடுகிறார்கள், தண்ணீரும் குடிக்கலாம், அதனால் நேரத்தை ஒழுங்காக வைத்துக்கொண்டால் சமாளிக்கலாம். ரமலான் நோன்பில் தண்ணீரும் கிடையாது, கோப்பியும் கிடையாது, தூக்கமும் மாறுகிறது. ஒரு வாரம் முன்பிருந்தே கோப்பியைக் குறைப்பது, சஹரைத் தவிர்க்காமல் இருப்பது, தடுப்பு மருந்து நேரத்தை இரவுக்கு மாற்ற டாக்டரிடம் கேட்பது, இதெல்லாம் நோன்புக்கு முன்பே செய்ய வேண்டியவை. யூதர்களின் யோம் கிப்பூர் விரதத்துக்குச் சற்று முன் எட்டோரிகாக்சிப் என்ற வலி மருந்தைக் கொடுத்துத் தலைவலியைக் குறைத்த சோதனை உண்டு. சிறுநீரகம், இதயம், இரத்த அழுத்தம் சரியில்லாதவர்களுக்கு அந்த மருந்து ஆகாது, மருந்துச் சீட்டு இல்லாமல் தேட வேண்டாம்.

கோப்பி நல்லதா கெட்டதா?

இரண்டும். கொஞ்சம் கேஃபீன் வலி மாத்திரைக்குத் துணை செய்யும். தினம் நாலு கோப்பி-ஓ குடித்துவிட்டு ஞாயிறு பத்து மணிவரை தூங்கினால் வழக்கமான கேஃபீன் கிடைக்காததால் தலைவலி வரும். அளவும் நேரமும் ஏழு நாளும் ஒரே மாதிரி இருக்கட்டும்.

மாதவிலக்கு நேரத்தில் மட்டும் ஏன் இவ்வளவு மோசம்?

ஈஸ்ட்ரோஜன் சரசரவென்று இறங்குவதால். பெர்லினில் நடந்து 2023ல் வெளியான ஆய்வில், மைக்ரேன் உள்ள பெண்களுக்கு மாதவிலக்கின்போது சிஜிஆர்பி அளவு மற்றப் பெண்களைவிட அதிகமாக இருந்தது. நாள் கணக்கு ஒழுங்காக இருப்பவர்களுக்கு அந்தச் சில நாட்களுக்கு மட்டும் முன்கூட்டியே மருந்து கொடுக்கும் முறையும் உண்டு. கர்ப்பத்தின் நடுவிலும் கடைசியிலும் பலருக்கு மைக்ரேன் தணிந்துவிடும். ஆனால் தடுப்பு மருந்துகளான டோபிராமேட்டும் வால்ப்ரோயேட்டும் கருவைப் பாதிக்கும், கர்ப்பம் பற்றி யோசிக்கும்போதே டாக்டரிடம் பேச வேண்டும். கண்ணில் மினுமினுப்பு வரும் வகை மைக்ரேன் உள்ளவர்கள் ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரை எடுப்பது பக்கவாத அபாயத்தைக் கூட்டும், புகைப்பழக்கமும் சேர்ந்தால் இன்னும் மோசம். கருத்தடை மாத்திரை வாங்கும்போது மைக்ரேன் இருப்பதை நீங்களாகவே சொல்லிவிடுங்கள், கேட்பார்கள் என்று காத்திருக்காதீர்கள்.

பிள்ளைக்குத் தலைவலி என்றால் பள்ளிக்குப் போகப் பயப்படுகிறான் என்கிறார்கள்.

பிள்ளைகளுக்கும் மைக்ரேன் வரும், பெரியவர்களைவிடச் சீக்கிரம் முடிந்துவிடும், வயிற்று வலியாகவே வருவதும் உண்டு. மருந்து ஆராய்ச்சி இதில் ஒரு குட்டு வாங்கியது: 2017ல் வந்த சோதனையில் தடுப்பு மருந்துகளான அமிட்ரிப்டிலின், டோபிராமேட் இரண்டுமே வெற்று மாத்திரையை ஜெயிக்கவில்லை, மூன்று குழுவிலும் பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குக் குறைந்தது. அதனால் தூக்கம், காலைச் சாப்பாடு, தண்ணீர், வலி வந்தவுடன் எடைக்கேற்ற ஐபுப்ரோஃபென் என்பதே பெரும்பாலும் முதல் படி. 2025ல் ஃபிரெமனெசுமாப் ஊசிக்கு 6 முதல் 17 வயதுக்காரர்களில் 45 கிலோ அல்லது அதற்கு மேல் உள்ளவர்களுக்கு அமெரிக்க அனுமதி கிடைத்திருக்கிறது.

என் வீட்டுக்காரருக்கு ராத்திரி ஒரே நேரத்தில் ஒரு கண்ணுக்குள் குத்துகிறது, சுவரில் முட்டிக்கொள்கிறார். இதுவும் மைக்ரேனா?

இது க்ளஸ்டர் தலைவலி மாதிரி இருக்கிறது, தள்ளிப்போடாமல் நரம்பியல் நிபுணரைப் பாருங்கள். மைக்ரேன் வந்தவர் இருட்டறையில் அசையாமல் படுப்பார், க்ளஸ்டர் வந்தவரால் உட்காரவே முடியாது. ஒரு கண் சிவந்து நீர் வடியும், அதே பக்கம் மூக்கு ஒழுகும், இமை தொங்கும். ஒரு தடவைக்கு 15 நிமிஷத்திலிருந்து 3 மணி நேரம், நாளைக்கு எட்டுத் தடவைவரை வரலாம், சில வாரங்கள் இப்படி ஆட்டிவைத்துவிட்டு மாதக்கணக்கில் காணாமல் போகும்.

இதற்கு பனடோல் ஒன்றும் செய்யாது. சுத்தமான ஆக்சிஜனை முகமூடி வழியாக நிமிஷத்துக்கு 12 லிட்டர் வீதம் 15 நிமிஷம் கொடுத்ததில் 78% தடவைகளில் வலி போனது அல்லது பெரிதும் குறைந்தது, சாதாரணக் காற்றில் 20%. 2009ல் வெளியான ஆய்வு. சுமாட்ரிப்டான் ஊசியும் கேட்கும், மாத்திரை வேலை செய்வதற்குள் வலியே முடிந்துவிடும். வெராபமில் தடுப்பு மருந்து, ஈசிஜி பார்த்துக்கொண்டே கொடுப்பார்கள். கால்கனெசுமாப்பை இதற்காக 2019ல் அமெரிக்கா அனுமதித்தது, ஐரோப்பா ஆதாரம் போதாது என்று மறுத்தது. ஒரே ஆய்வுத் தகவலை இரண்டு பேர் இரண்டு விதமாகப் படிக்கலாம் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

மருந்தில்லாமல் ஏதாவது?

உண்டு, ஆதாரத்தோடேயே. டில்லி எய்ம்ஸில் நடந்து 2020ல் வெளியான சோதனையில் மருந்தோடு யோகாவும் சேர்த்தவர்களுக்கு மருந்து மட்டும் எடுத்தவர்களைவிட நன்றாகக் குறைந்தது. சாப்பாட்டில் 182 பேரை 16 வாரம் பார்த்த ஆய்வு 2021ல் பிஎம்ஜேயில் வந்தது: மீன் எண்ணெய்ச் சத்தைக் கூட்டி, சோளம், சோயா மாதிரி எண்ணெய்களில் அதிகமாக இருக்கும் லினோலிக் கொழுப்பையும் குறைத்தவர்களுக்கு மாதத்தில் சுமார் நான்கு தலைவலி நாள் குறைந்தது. மத்தியும் கானாங்கெளுத்தியும் ஈரச்சந்தையில் மலிவாகக் கிடைக்கிறது, ஆனால் எண்ணெயில் பொரித்துவிட்டால் கதை கெட்டது, குழம்பு வைத்துச் சாப்பிடுங்கள். ரிபோஃபிளேவின் (வைட்டமின் பி2), மக்னீசியம் இரண்டுக்கும் சுமாரான ஆதாரம் இருக்கிறது, மக்னீசியம் வயிற்றைக் கலக்கும்.

அடுத்து என்ன வருகிறது?

சிஜிஆர்பி மருந்து கேட்காதவர்களுக்கு பாகாப் என்ற இன்னொரு புரதம். அதைத் தடுக்கும் ஊசியை இரண்டு முதல் நான்கு மருந்து தோற்ற 237 பேரிடம் சோதித்து 2023ல் வெளியிட்டார்கள், கூடுதல் அளவு போட்டவர்களுக்கு நான்கு வாரத்தில் மைக்ரேன் நாள் 6.2 குறைந்தது, வெற்று மருந்தில் 4.2. எடை குறைக்கும் ஊசி லிராகுளுடைடை வைத்து இத்தாலியில் 31 பேரிடம் நடந்த சின்ன ஆய்வும் 2025ல் பரபரப்பாகப் பேசப்பட்டது, ஆனால் அதில் ஒப்பிடும் குழுவே இல்லை. மேலே சொன்ன 27 சதவீதத்தை நினைத்துக்கொண்டு படியுங்கள். மரபணுவில், மைக்ரேன் உள்ள 1,02,000 பேரின் மரபணுவை ஆராய்ந்து 2022ல் 123 இடங்களைக் கண்டுபிடித்தார்கள். அம்மாவிடமிருந்து எனக்கு, என்னிடமிருந்து மகனுக்கு என்பது வெறும் பேச்சில்லை.

இங்கே யாரிடம் போவது? செலவு எவ்வளவு?

பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) தொடங்குங்கள். அங்கிருந்து எழுதிக் கொடுத்தால் தேசிய நரம்பியல் மருத்துவக் கழகத்துக்கோ தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனைக்கோ மானிய விகிதத்தில் போகலாம், நேரடியாகத் தனியாரிடம் போனால் அந்த மானியம் கிடைக்காது. காத்திருக்கும் நேரத்தில் பழைய தடுப்பு மருந்து ஒன்றைப் பலதுறை மருந்தக டாக்டரே தொடங்கலாம், கேளுங்கள். புது ஊசிகள் மாதத்துக்கு நூற்றுக்கணக்கான வெள்ளி ஆகும். மெடிசேவ் (மருத்துவச் சேமிப்புக் கணக்கு), காப்புறுதி எது எவ்வளவு தரும் என்பதை முதல் ஊசிக்கு முன்பே கவுண்டரில் கேட்டு வாங்குங்கள், மூன்று மாதம் போட்டுப் பார்த்தால்தான் பலன் தெரியும் என்பதால் மூன்றால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

டாக்டர் முன்னால் உட்காருவது பத்து நிமிஷம்தான். மாதத்தில் எத்தனை நாள் தலைவலி, எத்தனை நாள் மாத்திரை, இதுவரை எந்த மருந்து எவ்வளவு அளவில் எத்தனை வாரம், ஏன் விட்டீர்கள், இதை ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டால் மீதி நேரம் உங்களுடையது.

அடிக்கடி எம்சி (மருத்துவ விடுப்பு) எடுத்தால் முதலாளி என்ன நினைப்பார்?

நினைக்கட்டும், ஆனால் கணக்கும் தெரிந்துகொள்ளட்டும். 2018ல் சிங்கப்பூரின் முழுநேர ஊழியர்களிடையே மைக்ரேனால் ஆன மொத்தச் செலவை டியூக்-என்யூஎஸ் மருத்துவப் பள்ளி ஆராய்ச்சியாளர்கள் 1.04 பில்லியன் வெள்ளி என்று மதிப்பிட்டார்கள். அதில் பெரும்பகுதி மருந்துச் செலவில்லை, வேலை கெட்டதால் வந்த நஷ்டம், வலியோடு வந்து திரையை வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நாட்களும் அதில் சேரும். வேலையிடத்தால் தலைவலி வருவதும் உண்டு. கோவிட் தொடக்கத்தில் இங்கே தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையில் 158 முன்களப் பணியாளர்களைக் கேட்டபோது 81% பேருக்கு இறுக்கமான முகக்கவசமும் கண்ணாடியும் போட்ட பிறகு புதிதாகத் தலைவலி வந்திருந்தது. மேலாளரிடம் நோயின் கதையைச் சொல்வதைவிட வேண்டியதைக் கேட்பது எளிது: ட்யூப் லைட்டுக்கு நேர் கீழே இல்லாத இருக்கை, வலி தொடங்கியவுடன் மருந்து போட்டு அரை மணி நேரம் படுக்க ஓர் இருட்டான அறை. ட்ரிப்டானைச் சீக்கிரம் போட்டால் பலருக்கு மதியத்துக்குள் வேலைக்குத் திரும்ப முடிகிறது, அன்றைக்கு எம்சியே தேவைப்படாது.